கரி இளைப்பாறும் நேரம்

“இந்தத் தொட்டி ஏனுங்கம்மா நாலு மணி நேரம் சும்மா நிக்குது?”

ஜெபமணி அம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

ஆத்தூர்ப் பக்கம் ஒரு ஜவ்வரிசி ஆலையில் நான் அடுப்புக்காரன். அவர் நாகர்கோவிலில் வேதியியல் படித்து வந்தவர், என்னைவிடப் பதினெட்டு வயது சின்னவர். ஆனாலும் எனக்குக் குரு அவர்தான். கிழங்குக் கழிவுநீரில் கிளம்பும் வாயுவை எரியவைக்கக் கற்றுக்கொடுத்தார். அவரோடு வேலை செய்த ஆறு மாதத்தைப் போல ஒரு காலம் எனக்கு அப்புறம் வாய்க்கவில்லை. இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

அந்த வாயுவில் கரியமில வாயு கலந்திருக்கும். அது இருந்தால் நெருப்பு சோம்பும்.

அம்மா தேங்காய் ஓட்டுக் கரியை மருந்தில் ஊறவைத்து உலர்த்தி, இரண்டு தொட்டிகளில் நிரப்பியிருந்தார். கரியின் நுண்ணிய துளைகள் கரியமில வாயுவைப் பிடித்துக்கொள்ளும். நல்ல வாயு மட்டும் அடுப்புக்குப் போகும். ஒரு தொட்டி வேலை செய்யும்போது மற்றது நிற்கும்.

“அது சும்மா நிக்கல அண்ணா,” என்றார். அவ்வளவுதான்.

அந்த வாரம் என் மகள் பூங்கோதை சேலம் பெரியாஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். என் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்டவள். நாலு வருஷமாகப் பேச்சில்லை.

“பொண்ணு பொறந்திருக்காப்பா. நாளைக்குச் சாயங்காலம் ஓசூர் கிளம்பறோம். ஒருதடவை வந்து பாத்துட்டுப் போங்கப்பா.”

“ஆலையில வேலை இருக்குது,” என்று வைத்துவிட்டேன். எனக்கு ரோஷம் அப்படி. பக்கத்தில் நின்ற ஜெபமணி அம்மா காதில் எல்லாம் விழுந்தது.

மறுநாள் காலை வீம்பு தலைக்கேறி, அவர் வருவதற்குள் இரண்டு தொட்டிகளையும் ஒன்றாகத் திறந்துவிட்டேன். நெருப்பு நீலமாய் நிமிர்ந்தது. நான்தான் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு இரண்டிலும் கரியமில வாயு ஒருசேர நிரம்பிவிட்டது. நெருப்பு தள்ளாடி அணைந்தது. தட்டில் ஜவ்வரிசி அரைகுறையாய் வெந்து கிடந்தது.

அம்மா வந்ததும் எதிரே ஓடினேன்.

“தப்புப் பண்ணிட்டனுங்கம்மா. கரி செத்துப் போச்சுங்களா?”

அவர் திட்டவில்லை. தொட்டிகளுக்குச் சூடேற்றி, பம்பை ஓடவிட்டார். என் கையைப் பிடித்து வெளிக்குழாயின் வாயில் வைத்தார்.

வெதுவெதுவென்று காற்று வந்தது.

“என்னங்கம்மா இது?”

“பிடிச்சு வச்சிருந்தது. இப்ப விடுது.”

“எல்லாத்தையும் விட்டுருமுங்களா?”

“சூடு பட்டா விடும்.”

நான் கையை எடுக்கவில்லை.

“எவ்வளவு நேரமுங்க?”

“நாலு மணி நேரம். அதுவரைக்கும் அடுப்புக்கு விறகு போடச் சொல்லிட்டேன்.”

“அப்ப நான் என்னங்க பண்றது?”

அவர் என் கையிலிருந்த வால்வு சாவியை வாங்கிக்கொண்டார்.

“சேலம் போக வர எவ்வளவு நேரம் ஆகும் அண்ணா?”

“மூணு மணி நேரம் ஆகுமுங்க.”

“அப்போ பிள்ளையை மடியில வச்சிருக்க ஒரு மணி நேரம் இருக்கே.”