கரி வண்டியும் ஏழு நாட்டு ஏடும்

ஏழு நாடுகள் சேர்ந்து எழுதிய ஒரே சட்ட ஏட்டுக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்த காலம் அது. ஏட்டைக் காத்து, கேட்டவர்களுக்குப் பொருள் சொன்னவர் நங்கை. அவரிடம் பாடம் கேட்டவர்களில் ஒருத்தி கயல்மணி, மேல்நாட்டின் தலைவி. இருவரும் ஒரே தெருவில் விளையாடியவர்கள். நங்கைக்கு மூன்று வயது கூட, அவ்வளவுதான்.

தை மாதம் ஒருநாள் காலையில் கயல்மணி கைக்குழந்தையோடு வந்தாள். குழந்தைக்கு இழுப்பு.

"எல்லாம் கீழ்நாட்டுக் கரிச்சூளைப் புகைதான்க்கா. துணி காயப்போட்டா கரி படியுது, பிள்ளைக்கு மூச்சு அடைக்குது. நாம வாங்கலைன்னா சூளை மூட்டுறது குறையும்னு, எல்லையில அவங்க கரி வண்டியை மறிச்சுட்டேன்."

"ஏடு விடாதே?"

"விடலையே! ஒரு நாட்டுச் சரக்கை இன்னொரு நாடு மறிக்கக் கூடாதாம். நாளைக்கு மத்த நாட்டுக்காரங்க கூடி என் கட்டளையை ரத்து பண்ணிடுவாங்க. அந்த வரியை எழுதினவன் பிள்ளை பெத்தவனாவே இருக்க மாட்டான்."

நங்கை சிரித்தார். "எழுதச் சொன்னது உங்க அம்மா."

கயல்மணி குழந்தையைத் தோள் மாற்றிப் போட்டாள்.

"மழை பொய்ச்ச வருஷம்," என்றார் நங்கை. "நமக்கு வர்ற நெல் வண்டியைக் கீழ்நாட்டுல மறிச்சாங்களே. மூணு வேளையும் பனங்கிழங்கு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு. உங்க பங்கையும் எனக்குப் பிட்டுக் கொடுப்பீங்க."

"அதையும் தின்னுட்டு, நார் நாரா இருக்குன்னு அழுவே."

"நெல் வந்த அன்னிக்குத் தெரு முழுக்க ஒரே நேரத்துல சோறு கொதிச்சுது. அப்படி ஒரு வாசனை இன்னிக்கு வரைக்கும் வரலைக்கா."

"அதுக்குப் பிறகுதான் அந்த வரி ஏட்டுல ஏறுச்சு."

குழந்தை இருமியது. கயல்மணி அதன் முதுகைத் தடவினாள்.

"அதுக்காக என் பிள்ளை மூச்சு வாங்கணுமா?"

"யாரு வாங்கச் சொன்னா? நம்ம நாட்டுல எத்தனை சூளை?"

"பதினொண்ணு."

"புகையைக் குறைக்க அதுங்களுக்கு என்ன விதி போட்டியோ, அதையே இங்கே விற்க வர்ற எல்லாக் கரிக்கும் போடு. எல்லாருக்கும் ஒரே விதின்னா ஏடு குறுக்கே வராது."

கயல்மணி தலையைக் குனிந்துகொண்டாள்.

"நம்ம சூளைங்களுக்கு இன்னும் ஒண்ணும் போடலையேக்கா."

"அதான் குறுக்கே நிக்குது, ஏடு இல்லே."