முதலாளி கைபட்டால் விழும் நுரை

இதை முதலில் எனக்குச் சொன்னது என் நாத்தனார் ரோஸ்லின். போன தவக்காலத்தில், ஜெபம் முடிந்து நடந்து வருகையில்.

தூத்துக்குடியில் தனசிங் என்றொரு லாட்ஜ் முதலாளி, வரவேற்பறையில் பவளம் வளர்க்கும் உப்புநீர்த் தொட்டி வைத்திருந்தார். நீல வெளிச்சத்தில் பவளங்கள் தூக்கத்தில் பூப்பதுபோல் விரியும். தொட்டி கழுவுகிறவர் கஸ்பார். தண்ணீரிலுள்ள கழிவை நுரையாக்கி மேலே தள்ளும் ஸ்கிம்மரை அவர்தான் பார்த்து வாங்கினார். தினமும் சாயங்காலம் அதன் நுரை விழுந்துவிடும்.

“ஏல கஸ்பாரு, சொத்தை மிஷினை என் தலையில கட்டிட்டியே. நாளைக்கு மிஷினைத் தொடாமலே நுரையை எழுப்பிக் காட்டு. இல்லன்னா வேலைக்கு வராத.”

“சரி மொதலாளி. உங்க கூட்டாளி வீட்டு வெளிநாட்டு மிஷினையும் கொண்டாந்து இதே தொட்டியில பக்கத்துல ஓடவிடுவோம்.”

மறுநாள் விருந்தாளிகள் கூடினார்கள். இரண்டிலும் நுரை மேகம்போல் மெல்ல ஏறியது.

“மொதலாளி, எப்பவும்போல உங்க கையாலேயே இரை போடுங்க.”

தலையைத் தடவி வாரிக்கொண்டு, முதலாளி தண்ணீருக்குள் கையை விட்டார். சற்று நேரத்தில் இரண்டு நுரையும் படுத்துவிட்டன.

“என்னல செஞ்ச?”

“நான் தொடவே இல்லையே. உங்க தலையில இருக்க தேங்காய் எண்ணெய் கைவழியா இறங்கியிருக்கு. எண்ணெய் பட்டா எந்த மிஷின்லயும் நுரை நிக்காது. எது முதல்ல எந்திரிக்குன்னு பாப்போம்.”

எல்லாரும் சாப்பிட்டுத் திரும்பியபோது கஸ்பார் வாங்கியதில் நுரை எழுந்திருந்தது. மற்றது அப்படியே கிடந்தது.

“அப்போ நாளைக்கு?” என்றார் முதலாளி, தணிந்த குரலில்.

“இரையை நான் போடுதேன். நீங்க சும்மா பாத்துக்கிட்டிருங்க மொதலாளி.”

ரோஸ்லின் சொன்ன கதை இவ்வளவுதான். நீங்கள் எழுந்திருக்கும்போது நம் தலைக்கு மேல் ஓடும் ஃபேனைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள்.