மலையை விட்டுவிட்ட பருந்து

மலைக்குக் கிழக்கே, அடிவாரத்தில் ஒரு குளம் இருந்தது. அதில் நண்டுகளும் ஆமைகளும் நத்தைகளும் வாழ்ந்தன. குளத்துக்குக் கீழே, பள்ளத்தில், புலியரசன் குளிக்கும் மடு இருந்தது. அந்தக் கோடையில் மடு வற்றிவிட்டது.

"குளத்துக் கரையை வெட்டிவிடுங்கள். தண்ணீர் மடுவுக்கு வரட்டும். அரசர் ஆணை!" என்றது நரி மந்திரி.

"அப்புறம் நாங்கள் எதில் இருப்பது?" என்று கேட்டது ஒரு கிழட்டு நண்டு. அதற்கு ஒரு கொடுக்குதான் உண்டு. இன்னொன்று பழைய ஆணை ஒன்றை எதிர்த்தபோது போனது.

"கோடை மழை வந்து குளத்தை நிரப்பிவிடும். பருந்து அறிஞர் கணித்திருக்கிறார்."

"எப்படிக் கணித்தார்? எங்கள் கண்முன்னே செய்து காட்டட்டும். அதுவரை கரையை யாரும் தொடக் கூடாது."

நண்டுகள் கரைமேல் வரிசையாக உட்கார்ந்தன. வெட்ட வந்த நரிகள் நொண்டிக்கொண்டே திரும்பின. கடைசியில் புலியே பருந்தை அழைத்துக்கொண்டு வந்தது. காடே வேடிக்கை பார்க்கக் கூடியது.

பருந்து மணலில் காட்டை அமைத்தது. சுள்ளிகள்தான் மரங்கள். ஒரு சிப்பிதான் குளம். இலவம்பஞ்சுதான் மேகம். மேற்கே நின்று சிறகால் விசிறியது. பஞ்சு பறந்து காடு முழுக்க விழுந்தது. சிப்பியும் நிறைந்தது.

"பார்த்தீர்களா? குளம் நிரம்பும்" என்றது பருந்து.

"இனி வரப்போகும் மழையை இங்கே யார் பார்த்தது?" என்றது நண்டு. "போன கோடையில் பெய்ததை இதே மணலில் காட்டுங்கள். அதை நாங்கள் எல்லாரும் பார்த்திருக்கிறோம்."

"முடிந்துபோன கதை எதற்கு?" என்று நரி குறுக்கே வந்தது.

"நடந்ததையே சொல்லத் தெரியாதவர், நடக்கப்போவதை எப்படிச் சொல்வார் மந்திரியாரே?"

பருந்துக்கு ரோஷம் வந்தது. போன கோடையில் காற்று மெதுவாக வீசியது அதற்கு நினைவிருந்தது. மெதுவாக விசிறியது. பஞ்சு மறுபடியும் சிப்பியை நிறைத்தது.

ஒரு தாய் நத்தை முன்னால் ஊர்ந்து வந்து சொன்னது: "போன கோடையில் என் பிள்ளைகள் சேற்றோடு காய்ந்து செத்தன. ஓடுகள் இன்னும் அங்கேதான் கிடக்கின்றன."

பருந்து தடுமாறியது. "ஆனால் மேற்கே அளவுக்கு மேல் பெய்ததே! மொத்தக் காட்டுக்கும் சராசரி பார்த்தால் என் கணிப்பு சரிதான்."

"சராசரியில் நீந்த முடியாது அறிஞரே" என்றது நண்டு.

மணலையே பார்த்துக்கொண்டிருந்த ஆமை கேட்டது: "இதில் மலை எங்கே?"

"உயரத்திலிருந்து பார்த்தால் அது சின்ன மேடுதான். அதனால் விட்டுவிட்டேன்."

"விட்டுவிட்டீர்களா? அதன் நிழலில்தான் நாங்கள் காய்கிறோம்." ஆமை நகர்ந்து போய் மலை இருக்கவேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. "இப்போது விசிறுங்கள். பஞ்சு என் மூக்கில் மட்டும் வேண்டாம்."

பருந்து விசிறியது. பஞ்செல்லாம் ஆமையின் மேற்குப் பக்கத்திலேயே அப்பிக்கொண்டது. கிழக்கே இருந்த சிப்பி வெறுமையாகக் கிடந்தது.

"ஆமையண்ணே, அசையாமல் இரு. உன்மேல் நல்ல மழை!" என்று ஒரு தவளை கத்த, காடே சிரித்தது. ஆமை தும்மியது.

அத்தனை பேர் முன்னால் புலியால் பாய முடியவில்லை. "மழை வரட்டும். பிறகு உங்களைப் பார்த்துக்கொள்கிறேன்" என்று உறுமிவிட்டுப் போனது.

மறுநாள் பருந்து தனியாக வந்து மணலில் மலையைக் குவிக்கத் தொடங்கியது. நண்டு தடுக்கவில்லை.

மழை வந்தது. மேற்கே கொட்டித் தீர்த்தது. கிழக்கே சிறு தூறல் போட்டுவிட்டு மேகம் கலைந்தது. குளம் பாதியாகச் சுருங்கியது. ஆனால் வற்றவில்லை. நத்தைக் குஞ்சுகள் பிழைத்துக்கொண்டன.

ஒரு நண்பகலில் புலி நாக்கு தொங்கக் கரைக்கு வந்தது. நண்டு ஒற்றைக் கொடுக்கை உயர்த்தியது.

"குடித்துக்கொள்ளுங்கள் அரசே. குளிக்கக் கூடாது."

புலி நண்டைப் பார்த்தது. அதன் பின்னால் கரை நெடுக நின்ற வரிசையையும் பார்த்தது. பிறகு தலை குனிந்து குடித்தது.

உன் தண்ணீரைக் கேட்கும் கணிப்பை, நீ வாழ்ந்து பார்த்த கோடையோடு ஒப்பிட்டுப் பார். ஒப்பிடவே விடாதவன் அரசனானாலும் அவனுக்குப் பணியாதே.