பதினேழாம் வரிசைக் கசிவு

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யென்றால் என் தண்ணீர் லாரியின் ஆறு டயரும் இப்போதே வெடிக்கட்டும். அன்றைக்கு அடித்த வெயிலில், சோலார் பேனல் நிழலில் கிடந்த ஓணான் என்னிடம் செருப்பு கேட்டது. அதையும் நம்புங்கள்.

கயத்தாறு பக்கம் ஒரு சோலார் பண்ணை. பதினேழாம் வரிசை தினமும் விடியற்காலையில் நின்றுவிடும். இன்வெர்ட்டர் 'மின்கசிவு' என்று சிவப்பு விளக்கைக் காட்டும். பனி காய்ந்ததும் தானாகவே ஓடத் தொடங்கும்.

கசிவு பார்க்க வந்தவர் சகாயமேரி. வயது முப்பத்திரண்டு. அவரிடம் இந்த வேலையைப் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தவர் வெள்ளத்துரை அண்ணாச்சி. மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர்.

அண்ணாச்சி நடுமத்தியானம் கசிவு அளக்கும் மெக்கர் மீட்டரை மாட்டிச் சோதித்தார்.

"இருநூறு மெகாஓம், மேடம்! கசிவே கிடையாது. வரிசையைத் திரும்ப மாட்டி, சுவிட்சும் போட்டாச்சு. கழுவச் சொல்லிரவா?"

பேனல் கழுவும் பெண்கள் ஆறு பேர் என் லாரியில் குழாயைச் சொருகிவிட்டுக் காத்திருந்தார்கள். எல்லாருக்கும் வெறுங்கால்.

"ஏ அண்ணாச்சி, நாங்க கழுவவா, இல்ல கதை பேசிட்டுப் போகவா?" என்றாள் ஒருத்தி.

அண்ணாச்சி சோதனைத் தாளை நீட்டினார். தன் கையெழுத்தை முன்னமே போட்டிருந்தார். சகாயமேரி பேனாவைத் தொடவில்லை.

"ஏன் மேடம், என் சோதனையில நம்பிக்கை இல்லையா?"

சகாயமேரி என் லாரியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் பிடித்தார். வரிசையின் அடியில், வயர்கள் சேரும் இடத்தில் வீசி ஊற்றினார். பூட்ஸைக் கழற்றினார். சேற்றில் வெறுங்காலோடு நின்று, இரும்புச் சட்டத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

கைக்கும் சட்டத்துக்கும் நடுவில் நாலு விரல்கடை. மூன்று.

"தொடாதீங்க!"

அண்ணாச்சி பாய்ந்து அவர் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இருவரும் சேற்றில் விழுந்தார்கள்.

"இருநூறுன்னு கையெழுத்துப் போட்டது நீங்கதானே?" என்றார் சகாயமேரி.

அண்ணாச்சி எழுந்து ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார். வயர்களைப் பிரித்தார். மெக்கரை மாட்டினார். முள் ஒரு மெகாஓமைக்கூடத் தொடவில்லை.

"மேடம்... அப்ப இருநூறு காட்டுச்சு. எம் பிள்ளைங்க மேல ஆணை. காய்ஞ்சு கிடந்தப்ப பார்த்தேன்."

"நம்புறேன் அண்ணாச்சி" என்றார் சகாயமேரி. குழாயோடு நின்ற பெண்களைப் பார்த்தார். "அவங்க எதை வச்சுக் கழுவப் போறாங்க?"

அண்ணாச்சி தாளை நாலாய்க் கிழித்தார்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். சொன்னது நான் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். கேட்டால், டீக்கடையில் எவனோ அளந்துகொண்டிருந்தான் என்று சொல்லிவிடுங்கள்.