யானைக்கு எதிரே நின்ற ராஜா

ஏகாம்பரத்துக்கு ஐம்பது வயது தாண்டியும் தொண்டை மட்டும் வாலிபமாகவே இருந்தது. தெருக்கூத்தை விட்டுவிட்டு மடத்தில் சீடராகச் சேர்ந்தார். அந்தத் தொண்டை மட்டும் துறவு பூண மறுத்துவிட்டது. சமையல்காரர் குரலில் "இலை போட்டாச்சு!" என்று கூவி, தியானத்தில் இருந்த அத்தனை பேரையும் பந்திக்கு ஓட வைத்த புண்ணியவான் அவர்.

திருவிழாதோறும் மடத்து மண்டபச் சுவர் ஓவியத்துக்கு அவர்தான் கதை சொல்வார். ஓவியத்தில் ராஜா கையை உயர்த்தி நிற்பார். யானை காலைத் தூக்கியிருக்கும். அதன் காலடியில் ஒருவன் கிடப்பான். ஏகாம்பரம் யானையாகப் பிளிறுவார், கிடப்பவனாகக் கதறுவார், கடைசியில் ராஜாவாகி "மிதி!" என்று கர்ஜிப்பார். சனம் கொதித்துப்போய் ராஜா முகத்தில் சாணி உருண்டையை வீசும். அந்த ஊர் வழக்கம் அது.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை குரு ஞானாம்பாள் சுவரைப் பார்த்தார். சீடரைவிட வயதில் மிகவும் இளையவர் அவர்.

"ராஜாவுக்கு மூக்கு போச்சு ஏகாம்பரம். இன்னொரு உருண்டை விழுந்தா முகமே கரைஞ்சிடும். நாளைக்குக் கதை வேண்டாம்."

ஏகாம்பரம் கையெடுத்துக் கும்பிட்டார்.

"தாயே, சோறு வேண்டாம்னு சொல்லுங்க, பட்டினி கிடக்கறேன். கதை வேண்டாம்னா எப்படி? இந்தப் படத்துல எனக்குத் தெரியாத கோடு ஒண்ணு உண்டா?"

"அப்படியா? சுவருக்கு முதுகைக் காட்டி நில்லுங்க. ராஜா காலில் என்ன?"

"நவரத்தினப் பாதரட்சை!" ராஜா குரலிலேயே பதில் வந்தது.

"இப்போ திரும்புங்க."

வெறுங்கால்.

இத்தனை காலமும் கூட்டத்தைப் பார்த்தே கதை சொன்னவர். சுவர் எப்போதும் முதுகுக்குப் பின்னால்தான். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கோயிலுக்கு வந்திருப்பாரு தாயே. கழட்டி வெச்சிருப்பாரு."

குரு கைதட்டிவிட்டார். "பலே! எங்கே வெச்சார்? தேடுங்க."

மூக்கு சுவரில் உரச உரசத் தேடினார். கோபுரம் இல்லை, கொடிமரம் இல்லை. அரண்மனைப் படியில் ஒரு பாதரட்சை குப்புறக் கிடந்தது. மற்றொன்று எங்கோ தள்ளிப் புழுதியில்.

"கழட்டி வெச்ச மாதிரி தெரியலையே. கழண்டு விழுந்த மாதிரியில்ல இருக்கு?"

"ம்."

"ராஜா கையும் கிடக்கறவனைக் காட்டல. உள்ளங்கை யானைப் பக்கம்..."

அதே மாதிரி தன் கையை உயர்த்தினார். 'மிதி' என்று சொல்ல வாயெடுத்தார். "நில்லு!" என்றுதான் வந்தது.

கையை இறக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

"ஓவியம் சொல்லுது சரி. சாணியோட வர்ற சனத்துக்கு யார் சொல்றது? என் ராஜா வாயைத் திறந்தா கர்ஜனைதான் தாயே, வேற வராது. நாளைக்குக் கதை உண்டா, இல்லையா?"

"உண்டு."

"எந்தக் குரல்ல பேச?"

"படி இறங்கி ஓடி வந்த மனுஷர் அவர். மூச்சு வாங்கப் பேசுங்க."