கஞ்சிப் பானையும் வைரக் கடுக்கனும்

ஒரே ஒரு ஊர்ல சடையன்னு ஒரு சம்சாரி இருந்தானாம். அவன் பொஞ்சாதி பேரு சிலம்பாயி. ஒரு காணி நிலம், ரெண்டு உழவு மாடு, அவ்வளவுதான் சொத்து.

அந்த நாட்டு ராஜா காதுல வைரக் கடுக்கன் போட்டிருந்தாரு. ராஜா போட்டா மந்திரி சும்மா இருப்பாரா? மந்திரி போட்டாரு, அதைப் பாத்து மணியக்காரர் போட்டாரு, அப்புறம் பாத்தா ஆடு மேய்க்கிறவன் வரைக்கும் வைரப் பைத்தியம் புடிச்சுப்போச்சு. சந்தையில ஒரு வைர வியாபாரிக்குக் கொண்டாட்டம்னா அப்படியொரு கொண்டாட்டம்!

நம்ம சடையன் என்ன பண்ணான்? மாடு ரெண்டையும் அந்த வியாபாரிகிட்ட புடிச்சுக் குடுத்துட்டு, காதுல கடுக்கனோட இளிச்சுக்கிட்டு வந்து நின்னான். விதைக்கிற மழை இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. சிலம்பாயி கேட்டா:

"ஏன்யா, காதை வெச்சா உழுவ?"

"ஊரே போட்டிருக்கு புள்ள, நான் மட்டும் மூளிக்காதோட நிக்கவா?"ன்னு சொல்லிக்கிட்டே சுடுகஞ்சியைக் குனிஞ்சு குடிச்சான் பாரு, ஆவி பட்டுக் கடுக்கன் மங்கிப்போச்சு. மங்கினது மங்கினபடியே நிக்குது. சிலம்பாயியோட ஆத்தா அரண்மனையில வெந்நீர் போட்டவ. "ராஜா காது வைரம் எத்தனை ஆவியிலயும் மங்கி நிக்காதுடி"ன்னு ஆத்தா சொன்னது நெனப்பு வந்துச்சு. அட பாவி, இது கண்ணாடிக் கல்லு!

"மாடு இல்லாம இந்த வாசப்படியை மிதிக்கமாட்டேன்"னு கடுக்கனைக் கழட்டிக்கிட்டுக் கெளம்பிட்டா.

வியாபாரிகிட்ட போய், "கல்லை எடுத்துக்க, மாட்டைக் குடு"ன்னா. "வித்தது வித்ததுதான், போ"ன்னான். மறுநாளும் போனா. "வித்தது வித்ததுதான், போ போ"ன்னான். மூணாம் நாளும் போனா. "வித்தது வித்ததுதான், போறியா, நாயை அவுத்து விடவா?"ன்னான். அசருவாளா அவ? நேரா ராஜா கோட்டைக்குப் போயி, வாசல்லயே மூணு கல்லைக் கூட்டிக் கஞ்சி காய்ச்சி, கொதிக்கக் கொதிக்கப் பானையைத் தூக்கிக்கிட்டு சபைக்கே போயிட்டா.

"ராசா, இங்க யாரு காதுல வைரம், யாரு காதுல கண்ணாடின்னு இந்தக் கஞ்சிப் பானை சொல்லும். குனிஞ்சு பாருங்க."

ராஜா குனிஞ்சாரு, நிமிந்தாரு. கடுக்கன் பளிச்சுன்னு நின்னுச்சு. மந்திரி குனிஞ்சாரு, மங்கிப்போச்சு. மணியக்காரர் குனிஞ்சாரு, மங்கிப்போச்சு. தளபதி அவ்வளவு பெரிய மீசையோட குனிஞ்சாரு, அதுவும் மங்கிப்போச்சு! சபையில ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாக்கல.

வியாபாரியை இழுத்துட்டு வந்து, வாங்கினது அத்தனையும் திருப்பிக் குடுக்க வெச்சாங்க. "இவனைக் கழுவுல ஏத்தணும்!"னு மந்திரி குதிச்சாரு. "நீ என்னம்மா சொல்ற, இவனுக்கு என்ன தண்டனை?"ன்னு ராஜா சிலம்பாயியைக் கேட்டாரு.

"அதெல்லாம் வேண்டாம் ராசா. எனக்கு மூணு நாள் உழவு போச்சு. அதை உழுது குடுத்துட்டுப் போகட்டும்."

நுகத்தடியில ஒரு பக்கம் வியாபாரி. இன்னொரு பக்கம் யாருங்கிறீங்க? சடையன்தான்! பின்னால கலப்பை மேழியைப் புடிச்சது சிலம்பாயி. மாடு ரெண்டும் மரத்தடியில அசைபோட்டுக்கிட்டே வேடிக்கை பாத்துச்சாம். மூணாம் நாள் உழவு முடிய, மழையும் வந்துச்சு.

"காது ஓட்டை தூந்துபோயிடும் புள்ள"ன்னு சடையன் முனகினான். சிலம்பாயி ஒரு வேப்பங்குச்சியை ஒடிச்சு அவன் காதுல சொருகிவிட்டா.

அவ வெதச்சது வெளைஞ்சுது, என் கதையும் வெளைஞ்சுது. காது மின்னுறதுக்கு முன்னால கண்ணு முழிச்சிருக்கணும், கண்ணுகளா.