பொந்துக்கு வெளியே ஒரு வாயாடி

மலைக்காட்டில் ஒரு நெட்டை மரம். அதன் பொந்துக்குள் ஒரு பெண் இருவாச்சி குஞ்சு பொரித்திருந்தது. இருவாச்சிகளின் வழக்கமே தனி. பெண் பறவை உள்ளே புகுந்து, வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்துவிடும். அலகு நீட்ட ஒரு கீறல்தான் மிச்சம். இறகும் உதிர்ந்துவிடுவதால், உடைத்து வெளியே வந்தாலும் பறக்க முடியாது. ஆண் பறவை வந்து ஊட்டினால்தான் தாய்க்கும் குஞ்சுக்கும் சாப்பாடு.

பக்கத்துக் கிளையில் செவலை என்ற மலை அணில் குடியிருந்தது. அப்பப்பா, என்ன வாய் அதற்கு! விடிந்ததும் வந்துவிடும்.

"என்ன தங்கச்சி, சௌக்கியமா?"

"அவரை மூன்று நாளாகக் காணோம் அண்ணே..."

"வருவார், வருவார்! நேற்று நான் ஒரு மந்தியை விரட்டினேன், அதைக் கேள்!"

மந்தி கதை மதியம் வரை ஓடியது.

மறுநாளும் செவலை வந்தது.

"அண்ணே, குஞ்சு பசியில் துடிக்கிறது. அத்திமரப் பக்கம் போனால்..."

"அத்திமரமா! நல்லவேளை ஞாபகப்படுத்தினாய்! நேற்று அங்கே ஒரே தாவலில் மூன்று கிளை தாண்டினேன்! கீழே வலையில் சிக்கிக் கிடந்த பெரிய பறவைகூட என்னையே பார்த்தது!"

"ஐயோ! அலகு மஞ்சளா அண்ணே? உயிர் இருந்ததா?"

"பறவை கிடக்கட்டும், தாவலைக் கேள்!"

உள்ளே தாய்ப்பறவை விம்மி விம்மி அழுதது. செவலை தாவலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது.

அடுத்தடுத்த நாட்களும் அப்படியே போயின. ஒரு காலையில் கீறலில் அலகு மட்டும் தெரிந்தது. சத்தமே இல்லை.

"இன்றுதான் குறுக்கே பேசாமல் கேட்கிறாய்!" என்று செவலைக்கு ஒரே சந்தோஷம். பொழுது சாயும் வரை பேசித் தீர்த்தது. பிறகு, "எப்படி என் கதை?" என்று அலகைத் தொட்டுப் பார்த்தது. அலகு சில்லிட்டிருந்தது.

அதற்குப் பின்னாலிருந்து மெல்லிய கீச்சுக்குரல் வந்தது.

செவலை விழுந்தடித்து ஓடி, அத்திப்பழம் கொண்டுவந்து கீறலுக்குள் தள்ளியது. "உன் அம்மா என்னிடம் என்ன கேட்க வந்தாள், கண்ணு?" என்றது. வாழ்நாளில் முதல் தடவையாக, ஒன்றைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தது.

பாவம், குஞ்சுக்கு இன்னும் பேச்சு வரவில்லை.

அடுத்தவர் படும் பாட்டை அறிய மனமில்லாதவர் எவ்வளவு பேசினாலும் அது பேச்சே ஆகாது.